ஒரு வார்த்தை கேட்டுவிட்டு

பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று முதலில் சொன்னது யாரென்று எனக்குத் தெரியாது. அது ஆணாக இருந்தால் அவன் பிள்ளை பெற்றிருக்க மாட்டான். பெண்ணாக இருந்தால் மார்கழி மாதத்தில் பெற்றிருப்பாள். நான் பெற்றது சித்திரையில்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் நடந்தது இது. தலைப்பிரசவம் என்பதால் பிறந்த வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் இடையில், கம்பம் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்தது எங்கள் ஊர். ஆனியிலும் ஆடியிலும் எங்கள் பக்கம் அடிக்கிற காற்றில் நடக்கிற ஆளே தள்ளாடுவான். சித்திரையில் அதே காற்று எங்கே போய் ஒளியுமோ, வேப்பிலைகூட அசையாது. வாய்க்காலில் தண்ணீரை நிறுத்தியிருப்பார்கள். வயலெல்லாம் வெடித்துக் கிடக்கும். தலையைத் தூக்கினால் மேகமலையில் மேகம் இறங்கியிருப்பது தெரியும். அங்கே குளிருக்குக் கம்பளி போர்த்துகிறார்கள் என்று எஸ்டேட்டுக்குப் போய் வந்தவர்கள் சொல்வார்கள். கேட்கும்போதே எனக்கு எரிச்சலாக இருக்கும்.

எனக்கு ஒதுக்கிய அறை வீட்டின் பின்கட்டில் இருந்தது. அய்யா பருத்தி அடைப்பதற்காகக் கட்டிய அறை. தகரம் போட்ட கூரை. ஊரில் அப்போது தகரக் கூரை எங்களுக்கு மட்டும்தான். அதில் அய்யாவுக்கு ஏகப் பெருமை. மகளின் பிரசவத்துக்கு நல்ல அறை வேண்டுமென்று பருத்தியை எல்லாம் வெளியேற்றி, தரையைச் சாணி போட்டு மெழுகச் சொல்லி, அதை எனக்குக் கொடுத்தார். எங்கள் வயலில் வேலை செய்தவர்கள் ஓலைக் குடிசைகளில் இருந்தார்கள். உச்சி வேளையில் அந்தக் குடிசைக்குள் படுத்தால் தூக்கம் வரும். எங்கள் தகரத்தின்மேல் காக்கா உட்கார்ந்தால் அந்த நிமிஷமே பறந்துவிடும். கௌரவம் என்றால் சும்மாவா?

சன்னலில் சாக்கைத் திணித்து அடைத்திருந்தார்கள். எனக்குத் தலையைச் சுற்றித் துணி, காதில் பஞ்சு. காலடியில் கங்கு நிறைந்த சட்டி; அதில் அவ்வப்போது ஓமமும் சாம்பிராணியும் தூவுவார்கள். பச்சை உடம்புக்காரிக்குக் காற்றுப் பட்டால் ஜன்னி வரும், தண்ணீர் குடித்தால் வயிறு வைக்கும் என்பது ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம். சாப்பாட்டுக்குப் பிறகு சுக்கு போட்டுக் காய்ச்சிய தண்ணீர் ஒரு முழுங்கு கிடைக்கும். அதையும் ஆத்தா தன் கையாலேயே வாயில் ஊற்றுவாள். சொம்பை என்னிடம் தரமாட்டாள், நான் மிச்சத்தையும் குடித்துவிடுவேன் என்று.

பிறந்தது ஆண் பிள்ளை. பெண்ணாகப் பிறந்ததால் கைவிட்டுவிட்டார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எல்லோரும் கொண்டாடிய பிள்ளை அவன். என்மேலும் அவ்வளவு பிரியம். அந்த வீட்டில் என்னை வெறுத்தவர் ஒருவர்கூட இல்லை. இருந்திருந்தால் கதவைத் திறந்து வெளியே விரட்டியிருப்பார்கள், நானும் தப்பித்திருப்பேன்.

முதல் சில நாட்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். பிறகு ஒரு மத்தியானம் எனக்கு வியர்வை நின்றுவிட்டது. அதுவரை பாய் நனையும்படி வியர்த்துக்கொண்டிருந்த உடம்பு, அடுப்பில் காயவைத்த சட்டி மாதிரி ஆயிற்று. தலை இடித்தது. எதிரில் நின்ற ஆத்தாவை யாரோ என்று நினைத்தேன். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, மடையைத் திறந்து விடுங்கள் என்று கத்தினேனாம்.

பிள்ளை எடுத்த மருத்துவச்சியைக் கூப்பிட்டு வந்தார்கள். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஜன்னிதான். எங்கிட்டோ காத்துப் பட்டிருக்கு" என்றாள்.

காற்று! அந்த அறையில்! தெம்பு இருந்திருந்தால் சிரித்திருப்பேன். கதவிடுக்கில் கந்தையைச் செருகினார்கள். இன்னொரு கங்குச் சட்டி வந்தது. பெட்டியின் அடியிலிருந்து ஒரு கம்பளியைத் தேடி எடுத்துப் போர்த்தினார்கள். வெயிலில் வெந்துகொண்டிருந்தவளைக் குளிரில் விறைத்தவள் என்று முடிவு செய்து வைத்தியம் பார்த்தார்கள். கிடைத்துக்கொண்டிருந்த சுக்குத் தண்ணீரும் அன்றோடு நின்றது.

தீட்டு அறை என்பதால் வீட்டு ஆட்கள் உள்ளே வரமாட்டார்கள். ஆத்தா வருவாள். அவளை விட்டால் துணிகளை எடுத்துப்போகச் சலவைக்காரி வருவாள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். அதுநாள் வரை அவளை நான் அக்கா என்று கூப்பிட்டதில்லை. எங்கள் வீடுகளில் அப்படிக் கூப்பிடும் வழக்கம் கிடையாது. அன்றைக்குக் கூப்பிட்டேன்.

"அக்கா, ஒரு வாய் தண்ணி குடுக்கா."

அவள் பயந்துபோய்க் கதவைப் பார்த்தாள்.

"என் கையால நீங்க தண்ணி குடிக்கலாமா தாயி? தெரிஞ்சா எங்கள ஊருக்குள்ள இருக்க விடுவாகளா? அதுவும் பிள்ள பெத்த உடம்புக்கு. ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா எந்தலையிலதான் விடியும்."

அவள் சொன்னது அத்தனையும் நிஜம். ஆனாலும் எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த முறை வந்தபோது வெளுத்த துணிகளை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அடியில் இருந்த துணி காயவில்லை. சித்திரை வெயிலில் ஒரு துணி காயாமல் இருப்பதற்கு வழியே இல்லை. அதை வாயில் வைத்துச் சப்பினேன். வெளுக்கப் போட்ட உவர்மண்ணின் கரிப்பு நாக்கில் ஏறியது. ஒரு நுனியைப் பிள்ளையின் உதட்டில் வைத்தேன். அவனும் சப்பினான். அன்றைக்கு நான் பிழைத்தது அந்தத் துணியால்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

அவனுக்கு அது போதவில்லை. எனக்குப் பால் வற்றியிருந்தது. என் பக்கத்திலேயே அதே கங்குச் சூட்டில் அவனும் துணி சுற்றிக் கிடந்தான். முதலில் வீடே அதிர அழுதவன், பிறகு பூனைக்குட்டி மாதிரி முனகினான். மருத்துவச்சி மாந்தம் என்று சொல்லி எதையோ உரசி நாக்கில் தடவினாள். மறுநாள் காலையில் அவனைத் தூக்கிப் பார்த்த ஆத்தா, அப்படியே என்னிடம் கொடுத்துவிட்டு அய்யாவிடம் ஓடினாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் பேசியது எனக்குக் கேட்டது.

"பிள்ள மொகமே சரியில்ல. பாளையத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவோம்" என்றாள் ஆத்தா.

அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே பெரிய விஷயம். ஆஸ்பத்திரி என்றால் சாகப்போகிறவர்கள் போகிற இடம் என்றுதான் எங்கள் ஊரில் நினைத்தார்கள். உயிர் ஊசலாடும்போதுதான் கொண்டுபோவார்கள்; அதனால் பாதிப்பேர் பிணமாகத் திரும்புவார்கள்; அதைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்காரர்கள் இன்னும் தாமதிப்பார்கள். அப்படியும் ஆத்தா கேட்டுவிட்டாள். அய்யாவும் மறுக்கவில்லை. போகலாம் என்றுதான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது, கண்ணீர்தான் வரவில்லை.

பிறகு அய்யா, "சம்மந்தி வீட்ல ஒரு வார்த்த கேட்டுக்கிருவோம்" என்றார்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஏழாம் மாதம் வளையல் போட்டு என்னை அழைத்து வந்தபோது, குறித்த நாளைக்கு ஒரு நாள் முன்னதாகவே அய்யா வண்டி கொண்டுவந்துவிட்டார். "எங்க வீட்டுப் பிள்ளைய எங்களக் கேக்காம நாள மாத்துறீகளே" என்று என் மாமனார் சபையில் வைத்துச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அய்யாவுக்கு அந்தப் பேச்சு தொண்டையில் மாட்டிய முள். ஊருக்குள் நிமிர்ந்து நடக்கிறவர், சம்மந்தி என்ற பேச்சு வந்தாலே குனிந்துவிடுவார்.

"கேக்காமக் கொண்டு போயி, அங்கன ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆகிப்போச்சுன்னா?" என்றார். "இவளையும் ஆம்பள டாக்டரு தொட்டுப் பாத்தாருன்னு நாளைக்கு ஒரு சொல்லு வந்தா? நமக்குப் பேரன்தான். ஆனா அவுக வீட்டு வாரிசுல்ல."

ஆத்தா பேசாமல் நின்ற அந்த நேரத்தை நான் மன்னித்ததில்லை. அவளுக்கும் அது தெரியும்.

என் புகுந்த வீடு கடமலைக்குண்டுக்குப் பக்கத்தில். அய்யாவின் தம்பி, என் சின்னய்யா, பஸ் பிடித்துத் தேனிக்குப் போய், அங்கிருந்து கிடைத்த வண்டியில் ஏறிப் போனார். வீரபாண்டியில் கௌமாரியம்மன் திருவிழா நடந்துகொண்டிருந்த நேரம். பஸ்ஸில் நிற்க இடமில்லாத கூட்டம். எப்படியோ தொங்கிக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரி இருந்த உத்தமபாளையத்துக்குப் போக அவ்வளவு பாடு வேண்டாம். மாட்டைப் பூட்டினால் ஒரு சாப்பாட்டு நேரத்தில் போய்விடலாம். வண்டி எங்கள் வாசலிலேயே நின்றது. மாடுகள் வேப்பமர நிழலில் நின்றன. வேலையாள் அவற்றுக்குத் தண்ணீர் காட்டுவதும், முதுகில் வாளி வாளியாக ஊற்றிக் குளிப்பாட்டுவதும் உள்ளே கிடந்த எனக்குக் கேட்டது. வெயிலுக்கு மாடு தாங்காதாம்.

நீயே எழுந்து வெளியே போயிருக்க வேண்டியதுதானே என்று, பின்னால் பிறந்த என் மகள் கேட்பாள். போனேன். பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு தவழ்ந்து போய், கதவிடுக்குக் கந்தையைப் பிடுங்கினேன். விரல் கனத்துக்கு வெளிச்சம் வந்தது. அதற்குள் ஆத்தா ஓடிவந்து, என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கதறினாள். "இந்தப் பச்ச உடம்போட காத்துல போயி நிக்கிறியே, எனக்குன்னு நீ ஒருத்திதானத்தா இருக்க." என்னைத் தூக்கிப் பாயில் கிடத்தி, கம்பளியை இழுத்துக் கழுத்துவரை மூடி, கந்தையைத் திரும்பச் செருகினாள். அவள் கண்ணீர் என் கன்னத்தில் விழுந்தது. அதை நாக்கால் எட்ட முடியுமா என்று பார்த்தேன்.

அன்றைக்கு முழுவதும் பதில் வரவில்லை. மறுநாள் பொழுது ஏறியும் வரவில்லை. சின்னய்யா போய்ச் சேர்ந்தபோது அந்த வீடு பூட்டிக் கிடந்திருக்கிறது. மாமனாரும் மாமியாரும் என் வீட்டுக்காரரும் குடும்பத்தோடு வீரபாண்டித் திருவிழாவுக்குப் போயிருந்தார்கள். சின்னய்யா அவர்களைத் தாண்டித்தான் பஸ்ஸில் போயிருக்கிறார். அவர்கள் எங்கள் ஊருக்கு அத்தனை பக்கத்தில் இருந்தார்கள். என் மாமியார் எனக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டுமென்று நேர்ந்துகொண்டிருந்தபடி, ஆற்றில் முங்கி எழுந்து, குடம் குடமாகக் கொண்டுபோய் அம்மன் கோயிலில் நட்டிருந்த கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்தக் கூட்டத்துக்குள் சின்னய்யா திரும்பி வந்து அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது.

மத்தியானத்துக்கு முன்னாலேயே என் பிள்ளை முனகுவதை நிறுத்திவிட்டான். தூங்குகிறான் என்று நினைத்தேன். தொட்டுப் பார்த்தேன், சூடாகத்தான் இருந்தான். அந்த அறையில் எல்லாமே சூடாகத்தான் இருந்தது, அதனால் எனக்குத் தெரியவில்லை. ஆத்தா வந்து பார்த்துத்தான் தெரிந்தது.

அய்யா துண்டை விரித்து அவனை வாங்கிக்கொண்டார். உடனே ஓடைக்கரைக்குக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். சம்மந்தி வீட்டார் வரட்டுமே என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். "இந்த வெயில்ல எப்படிப்பா வச்சிருக்கிறது? தாங்காது" என்று அய்யா சொன்னது எனக்குக் கேட்டது. அதற்கு மட்டும் அவர் யாரையும் கேட்கவில்லை.

சாயங்காலம் அவர்கள் வண்டியில் வந்து இறங்கினார்கள். மாமியார் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அய்யா வாசலில் கூனிக்குறுகி நின்றிருக்க வேண்டும். குரலை வைத்தே எனக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரி விஷயத்தைத் திக்கித் திணறிச் சொன்னார். மாமனார் சொன்னார்:

"விடுங்க மச்சான். நம்ம கையில என்ன இருக்கு? கேட்டு ஆளனுப்புனீக பாருங்க, அது பெரிய விஷயம். முறை தெரிஞ்ச குடும்பம்னு எம் மகன்கிட்ட வழியெல்லாம் சொல்லிக்கிட்டுத்தான் வந்தேன்."

"அந்த ஒரு சொல்லு போதும் மச்சான்" என்றார் அய்யா. அவர் குரல் உடைந்துதான் இருந்தது. ஆனால் அதில் ஒரு நிம்மதி இருந்தது. பேரனைப் புதைத்த கை காய்வதற்குள் என் அய்யா நிம்மதியடைந்ததை நான் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு கேட்டேன். அவர் என்னைப் பிரியமாக வளர்த்தவர். அதனால்தான் எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. என் வீட்டுக்காரர் நின்றார். தீட்டு அறைக்குள் வரக்கூடாது என்பதால் நிலைப்படிக்கு வெளியே நின்றார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து சாயங்காலக் காற்று லேசாக உள்ளே வந்தது. எத்தனை நாளைக்குப் பிறகு!

"கதவ மட்டும் தெறந்து வச்சிருங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தார். "ஜன்னி கண்ட உடம்புய்யா" என்று மாமியாரின் குரல் கேட்டது. அவர் மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு கதவை இழுத்துச் சாத்தினார், சத்தம் கேட்டு எனக்குத் தலை வலிக்கக் கூடாதென்று மெதுவாக.