ஜெசிந்தா மீன் தர மறுத்த தபசுகாலம்

அப்போதெல்லாம் சாந்தோம் தெருக்களில் ஜெசிந்தாவின் "மீனேய்!" கேட்ட பிறகுதான் வீடுகளில் புளியைக் கரைப்பார்கள். மீன் வாங்க வருகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் விடமாட்டார்கள். ஜெசிந்தா அந்தக் கைகளைப் பார்ப்பாள். இருபது வருஷப் பழக்கம்.

நாற்பத்து நாலாம் வருஷத் தபசுகாலம், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்கள். பள்ளிக்கூடத்து லூயிசா டீச்சர் தன் வீட்டு வாசலில் ஒரு சங்கரா மீனின் செவுளைத் தூக்கினாள். செவுள் நல்ல சிவப்பு. தூக்கிய விரலின் நகமோ வெள்ளைக் காகிதம் மாதிரி வெளுத்து, நடுவில் கரண்டியாய்க் குழிந்திருந்தது.

ஜெசிந்தாவின் அக்காளுக்கும் மூன்றாவது பிரசவத்துக்கு முன்னால் இதே நகம்தான். ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. அக்காள் பிழைக்கவில்லை.

"டீச்சரம்மா, மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குதா?"

"ஒருசந்தி இருக்கேன் இல்லையா, ஒரு வேளைதான் சாப்பாடு, அதான்."

டீச்சரின் தாயார் பியாட்ரிஸ் அம்மாள் வெளியே வந்தார். "நீ எப்போ டாக்டர் ஆனே? விலையைச் சொல்லு."

"வெலை இன்னாத்துக்கு? மீனே கிடையாது. பொண்ண டாக்டராண்ட இட்டுக்கினு போ. அப்பால மீனு."

தபசுகாலத்தில் கறி ஆகாது. மீனும் இல்லையென்றால் வெறும் ரசம்தான். குப்பத்துப் பெண்கள் எல்லாரிடமும் ஜெசிந்தா சொல்லிவைத்தாள். ஒரு கூடையும் அந்த வாசலில் இறங்கவில்லை. பியாட்ரிஸ் அம்மாள் வைத வசவு கடற்கரை வரைக்கும் கேட்டது. அந்தக் காலத்துச் சண்டை அப்படித்தான், ஒளிவுமறைவு கிடையாது. ஜெசிந்தா நினைத்தது தப்பானால் அந்தத் தெருவில் இனி யார் அவளிடம் வாங்குவார்கள்?

நாலாம் நாள், "அவ வாயை அடைக்கவாவது போய்ட்டு வருவோம்" என்று தாயார் மகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், ரத்தத்தைச் சோதித்தார். கடுமையான சோகை. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் இதயம் தாங்கியிருக்காதாம். இரும்புச்சத்து டானிக்கும் ஆட்டு ஈரலும் சாப்பிடச் சொன்னார். பங்குச் சாமியாரும் நோன்பிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் ஜெசிந்தா அந்த வாசலில் கூடையை இறக்கினாள். பியாட்ரிஸ் அம்மாள் மீன்வாடை பார்க்காமல் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்கு மீன் வேண்டாம், ஜெசிந்தா. ஈரல் வாங்கியாச்சு."

"நல்லா கீதும்மா! என் யாவாரத்துல நானே மண்ணப் போட்டுக்கினேன்."

சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.