பூவாளிக்கு ஒரு கைப்பிடி

உறைபனிக் காலத்தில் எங்கள் தோட்டத்துக்கு வெயில் வருவதற்கு முன்னால் தண்ணீர் வந்தாக வேண்டும். அரவேணுவுக்குக் கீழே, தேயிலைச் சரிவு முடிந்து ஓடை தொடங்கும் பள்ளத்தில் எங்கள் வீடு. மலையின் குளிரெல்லாம் ராத்திரியில் வழிந்து இறங்கி எங்கள் வாசலில் வந்துதான் படுத்துக்கொள்ளும். ஜனவரியில் விடியும்போது புல் வெளுத்திருக்கும். ஜெரானியம் இலைகளின் ஓரத்தில் உப்பைத் தூவிவிட்டதுபோல் பனி நிற்கும். அதன் மேல் நேராக வெயில் பட்டால் இலை கருகிவிடும். அதற்குள் பூவாளியை எடுத்துக்கொண்டு போய், மெல்லத் தண்ணீர் தெளித்து, பனியைக் கழுவிவிட வேண்டும்.

அந்த வேலையை நான் பாதித் தூக்கத்தில்தான் செய்வேன். தலையில் மப்ளர், காலில் என் வீட்டுக்காரருடைய பழைய ரப்பர் பூட்ஸ். ஓடைப் பக்கமிருந்து மூடுபனி எழுந்து வந்து முட்டி வரைக்கும் நிற்கும். எனக்குக் கால்களே இல்லை என்று தோன்றும். பூவாளியிலிருந்து விழும் தண்ணீரிலும் லேசாக ஆவி கிளம்பும். தொட்டித் தண்ணீர் காற்றைவிடச் சூடாக இருக்கிறது என்பதால்தான் அப்படி என்று தெரியும். தெரிந்தாலும், நான் ஊற்றுவது தண்ணீரில்லை, ஒரு மூச்சு என்று நினைத்துக்கொள்வேன். பாத்தி பாத்தியாகப் போவேன். யாரும் பேச மாட்டார்கள். எதிர்ச் சரிவில் ஃபேக்டரியின் சத்தம்கூட அந்த நேரத்தில் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல்தான் கேட்கும்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் என் விரல்கள் மடங்க மறுத்தன. ஒரே நாளில் அல்ல. முதலில் மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை. பிறகு தோசைக் கரண்டி நழுவியது. குன்னூரில் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு மூட்டுவாதம் என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்து, காலையில் விரல்கள் இறுக்கமாக இருக்கும், கனமாக எதையும் பிடித்துத் தூக்க வேண்டாம் என்றார். காலையில்தானே எனக்குப் பூவாளி வேண்டும்.

என் வீட்டுக்காரர் எஸ்டேட் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். எந்தச் சிக்கலுக்கும் கடையில் ஒரு பதில் இருக்கும் என்று நம்புகிறவர். அன்று சாயங்காலமே ஒரு நீளமான ஹோஸ் பைப்போடு வந்து இறங்கினார்.

“இனிமே தூக்கவே வேண்டாம் அம்மிணி. பைப்பைத் திருகுனாத் தண்ணி” என்றார்.

அடுத்த உறைபனிக் காலையில் பைப்பைத் திருகினோம். தண்ணீர் வரவில்லை. பைப்புக்குள் தங்கியிருந்தது உறைந்துபோயிருந்தது. வெயில் ஏறினதும் ஒரேயடியாகப் பீய்ச்சிக்கொண்டு வந்து, முந்தின வாரம் நட்டிருந்த பிகோனியா நாற்றுகளைப் பிடுங்கி வரப்பில் போட்டது. அவர் அந்த நாற்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து மண்ணில் ஊன்றிக்கொண்டே சொன்னார்.

“நான் ஊத்தறேன். நீ படியில உக்காந்து எது எதுக்குன்னு சொல்லு.”

“வேண்டாமுங்க.”

“ஏன்?”

நான் வரப்பில் கிடந்த இன்னொரு நாற்றை எடுத்து அவரிடம் நீட்டினேன். சில நாட்கள் அவரே ஊற்றினார். நன்றாகத்தான் ஊற்றினார். நான் ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பனிக்குள் ஒருவர் என் பூட்ஸையும் என் விடியற்காலையையும் போட்டுக்கொண்டு நடந்து போவதுபோல் இருந்தது. பூட்ஸ் அவருடையதுதான். இருந்தாலும் அப்படித்தான் இருந்தது.

ஒரு மத்தியானம் பூவாளியை மடியில் வைத்துக்கொண்டு அதன் கைப்பிடியைப் பார்த்தேன். அத்தனை வருடம் பிடித்திருக்கிறேன், பார்த்ததில்லை. பின்பக்கம் காதுபோல் வளைந்த ஒல்லியான கம்பி. அதைப் பிடிக்க விரல்கள் முழுதாக மூட வேண்டும். சாய்க்க மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். இரண்டும் என்னால் முடியாதவை. கம்பியின் மேல் பழைய சைக்கிள் டியூபைப் பட்டை பட்டையாக வெட்டிச் சுற்றினேன். பருமன் கூடினதும் பிடிக்கச் சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் முதல் பாத்திக்குச் சாய்த்ததும் மணிக்கட்டில் சுருக்கென்று ஏறிய வலி தோள் வரைக்கும் போனது.

அவர் அதோடு விடவில்லை. பூவாளியைத் தூக்கிக்கொண்டு அரவேணு கடைவீதியிலிருக்கும் வெல்டிங் பட்டறைக்குப் போய், எதிர்ப்பக்கமும் ஒரு பிடி வைத்துக்கொண்டு வந்தார். இரண்டு கையாலும் தூக்கலாம் என்பது அவர் கணக்கு. தூக்கவும் முடிந்தது. ஆனால் எங்கள் தோட்டம் சரிவில் படி படியாக இருக்கிறது. இரண்டு கையும் பூவாளியிடம் இருந்தால் சறுக்கும் இடத்தில் எதைப் பிடிப்பது? மூன்றாவது படியில் சறுக்கி, தண்ணீரோடு உட்கார்ந்துவிட்டேன். அடி ஒன்றும் படவில்லை. அவர் ஓடி வந்து கைகொடுத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

“போதும் அம்மிணி. உடு” என்றார்.

எனக்கு வேண்டிய கைப்பிடி கடைசியில் கிடைத்தது தூக்கத்தில். முழுத் தூக்கம்கூட இல்லை. மாத்திரை போட்டுக்கொண்டு மத்தியானம் படுத்திருந்தேன். ஜன்னலைச் சாத்த மறந்திருந்தேன். மேகம் ஒன்று அறைக்குள் வந்துவிட்டது. எங்கள் ஊரில் இது வழக்கம்தான். அலமாரி மங்கி, சுவர் மங்கி, கடைசியில் போர்வையின் மேல் கிடந்த என் கை மட்டும் தெரிந்தது. அந்தக் கை எழுந்து நடந்து போனது. நானும் கூடவே போனேன். பாத்திகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தோம். குன்னூர் மார்க்கெட்டில் மழை விட்டதும் குடையை மடக்கி முழங்கை மடிப்பில் மாட்டிக்கொள்வேனே, அதேபோல் பூவாளி என் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. விரல்கள் அதைத் தொடவே இல்லை. எதுவும் கேட்காமல் விரிந்து கிடந்தன. கையைக் கொஞ்சம் பின்னால் இழுத்தேன், பூவாளி தானாகக் குனிந்தது. முன்னால் கொண்டு போனேன், நிமிர்ந்தது. அந்தத் தண்ணீர் விழுகிற சத்தத்தை இப்போதும் என்னால் கேட்க முடியும்.

விழித்ததும் கட்டுக்கம்பியைத் தேடி எடுத்தேன். பூவாளியின் முன் விளிம்பில் தொடங்கி, அதன் வாய்க்கு மேல் வில்லாக வளைந்து, பின்னால் அடிப்பாகம் வரைக்கும் இறங்கும் ஒரே வளையம். பழைய செய்தித்தாளைச் சுருட்டி அதன் மேல் சுற்றினேன். முன்கையை வளையத்துக்குள் விட்டுத் தூக்கினேன். காலி பூவாளிதான். ஆனால் கனவில் குனிந்ததுபோலவே குனிந்தது. சமையலறையில் அப்படியே இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தேன். வாசலில் அவர் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

“என்ன பண்ற?”

“தண்ணி ஊத்தறனுங்க.”

அவர் கிட்டே வந்தார். பிறகு தன் கையை அந்த வளையத்துக்குள் விட்டு, முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தார். லாரியின் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை. பாரம் எந்தப் பக்கம் போகிறது என்று அதற்கு உடனே புரியும்.

“இதுல விரலுக்கு வேலையே இல்லையே” என்றார் மெதுவாக.

மறுநாள் இரண்டு பேருமாகப் பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் என்னைவிட இளையவர். முகத்திலிருந்த புகைக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு என் கம்பியையும் காகிதத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நேரா பத்த வெச்சா தகரம் ஓட்டையாயிருமுங்க அக்கா. சுத்தியும் ஒரு பட்டை போட்டு, பட்டையில ரிவெட் அடிச்சுக்கலாமுங்க” என்றார்.

சின்னக் குழாய் ஒன்றை எடுத்து, வளைக்கும்போது நசுங்காமலிருக்க அதற்குள் மணலை அடைத்தார். நெருப்பில் காட்டி வளைத்தார். எனக்கு உட்காரத் தன் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலும் போட்டுக் கொடுத்தார். பொறி பறப்பதைப் பார்க்காமல், சாலைக்கு அந்தப் பக்கம் தேயிலைச் செடிகளின் மேல் மேகத்தின் நிழல் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் தடவை தண்ணீர் நிரப்பித் தூக்கியபோது, ஈரக் குழாயில் கை வழுக்கிப் பின்னால் போய்விட்டது. பூவாளி முழுதாகக் கவிழ்ந்து என் பூட்ஸுக்குள் தண்ணீர் நிறைந்தது. கனவில் குழாய் நனைவதில்லை. திரும்பவும் பட்டறை. பாரம் சமமாக நிற்கும் இடத்தில் வளையத்தைச் சற்று அமுக்கி, கை உட்காருகிற மாதிரி ஒரு பள்ளம் வைத்தோம். சாய்க்க வேண்டுமென்றால் அந்தப் பள்ளத்திலிருந்து கையைக் கொஞ்சம் ஏற்றி நகர்த்த வேண்டும். நாமாக நகர்த்தினால்தான் தண்ணீர். விடியற்காலையில் இரும்பு பனிக்கட்டிபோல் இருக்குமே என்று, பழைய கைப்பிடியில் சுற்றியிருந்த டியூபை அவிழ்த்து என் வீட்டுக்காரரே இதில் சுற்றிக் கொடுத்தார்.

அடுத்த உறைபனிக்கு நான் தனியாக இறங்கினேன். புல் வெளுத்திருந்தது. முட்டி வரைக்கும் மூடுபனி. பூவாளி என் முன்கையில் ஒரு குழந்தைபோல் உட்கார்ந்திருந்தது. கையை லேசாகப் பின்னிழுத்தேன். பிகோனியாவின் மேல் தண்ணீர் விழுந்தது. இலையிலிருந்த வெள்ளை கரைந்து, உள்ளேயிருந்து பச்சை வந்தது. அடுத்த செடி. அடுத்த பாத்தி. எங்கோ ஒரு இடத்தில் நான் பூவாளியையே மறந்துவிட்டேன். எவ்வளவு நேரம் அப்படி நடந்தேன் என்று தெரியாது. திரும்பியபோது அவர் சால்வையைப் போர்த்துக்கொண்டு மேல்படியில் நின்றிருந்தார். கீழே இறங்கி வரவில்லை.

“கை வலிக்குதா?” என்று மட்டும் கேட்டார்.

“இல்லீங்க.”

அவர் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார்.

எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது. குன்னூரில் பிசியோதெரபிக்குப் போகும் இடத்தில், ரப்பர் பந்தைப் பிசைந்துகொண்டே பக்கத்திலிருக்கிறவர்களிடம் என் கைப்பிடியைப் பற்றிச் சொல்வேன். செல்போனில் படமும் காட்டுவேன். அங்கேதான் லவ்டேல் பக்கத்திலிருந்து வரும் ஒரு அம்மா எனக்குப் பழக்கமானார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். சின்னப் பெண்ணாக இருந்தபோது சிலோனிலிருந்து குடும்பத்தோடு வந்தவர். விழுந்ததில் வலது தோள் இறங்கிப்போய், இடது கையில் ஊன்றுகோலோடு நடந்தார். வீட்டின் முன்னால் கேரட்டும் கொஞ்சம் டாலியாவும் வைத்திருக்கிறாராம்.

“பூவாளி தூக்க ஏலாது இப்ப. பக்கத்து ஊட்டுப் பிள்ளை ஊத்துது. அது ஊத்துறது எனக்குப் பிடிக்கல்ல” என்றார்.

அந்த “பிடிக்கல்ல” எனக்கு நன்றாகப் புரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் பூவாளியைப் போலவே இன்னொன்றைச் செய்து எடுத்துக்கொண்டு நாங்கள் லவ்டேலுக்குப் போனோம். வழியெல்லாம் அந்த அம்மா சந்தோஷப்படப் போவதை நினைத்துக்கொண்டே போனேன்.

அந்த அம்மா வளையத்துக்குள் கையை விட்டு, முழங்கையை மடக்கித் தூக்கினார். முகம் சுருங்கியது. உடனே கீழே வைத்துவிட்டார். முழங்கை மடிந்ததும் பாரம் முழுவதும் தோளுக்குத்தான் போகிறது. எனக்கு விரலைக் காப்பாற்றிய அதே வளையம் அவருடைய தோளை நோகடித்தது.

“மற்றக் கையால தூக்கிப் பாக்கவா?” என்று அவரே கேட்டுப் பார்த்தார். இடது கை தூக்கியது, ஆனால் அந்தக் கையில் ஊன்றுகோல் இருக்க வேண்டும்.

அவர் எங்களை உட்காரச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட உள்ளே போனார். டாலியாப் பாத்தியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். வெயிலில் மூடுபனி வந்து கலந்துகொண்டிருந்தது. எல்லாம் பாலில் நனைத்து எடுத்தது மாதிரி. என் கையை அந்த அம்மாவின் கையென்று நினைத்துவிட்டோமே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் தம்ளரோடு திரும்பி வந்தபோது, கைகளைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் நடப்பதைப் பார்த்தேன். இடது தோள் நேராக, உறுதியாக இருந்தது.

“இடது தோளில பாரம் தாங்குமுங்களா?” என்று கேட்டேன்.

“கொழுந்துக் கூடை தூக்கின தோள்தானே. தாங்கும்.”

என் வீட்டுக்காரர் எழுந்து ஸ்கூட்டரின் பின்னால் கட்டியிருந்த அகலமான நாடாவை அவிழ்த்துக்கொண்டு வந்தார். வளையத்தின் நடுவில் முடிந்து, இடது தோளிலிருந்து குறுக்காக மாட்டிவிட்டார். பூவாளி அந்த அம்மாவின் வலது இடுப்பில் வந்து தொங்கியது. வலது கையை உயர்த்தவே வேண்டியதில்லை. தொங்கவிட்டபடியே பூவாளியின் பின்புறத்தைத் தூக்கிவிட்டால் போதும். முதலில் நாடா நீளமாக இருந்ததால் பூவாளி முட்டியில் இடித்தது. ஒரு முடிச்சுப் போட்டுச் சுருக்கினார். பிறகு மார்பை உறுத்தியது. அந்த அம்மாவே ஒரு டவலை மடித்து உள்ளே செருகிக்கொண்டார்.

தண்ணீரைப் பாதி அளவுக்கு நிரப்பினோம். அவர் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு பாத்தி ஓரத்தில் போய் நின்றார். விரல் நுனியால் பூவாளியின் பின்புறத்தைத் தட்டுவதுபோல் மெல்ல உயர்த்தினார். கேரட் இலைகளின் மேல் தண்ணீர் பூத்தூவலாக விழுந்தது. அவர் முகத்தில் சிரிப்பு எதுவும் இல்லை. கவனம்தான் இருந்தது. அடுத்த அடி வைத்தார், மறுபடி ஊற்றினார், அடுத்த அடி வைத்தார். பாத்தி முடிந்து திரும்பும் இடத்தில் எங்கள் பக்கம் ஒரு தடவை பார்த்தார். நாங்கள் யார் என்று அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் இருந்ததா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. மூடுபனி அடர்ந்தது. அவர் டாலியாச் செடிகளுக்குள் போய்விட்டார்.

“கூப்பிட்டுச் சொல்லிட்டுப் போலாமா?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

“கொஞ்ச நேரம் இருக்கலாமுங்க” என்றேன்.

தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மூடுபனிக்குள்ளிருந்து தண்ணீர் விழும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது.