தமிழில் எழுதச் சொன்னவள்

இதை எழுதலாமா என்று மூன்று வருடம் யோசித்தேன். நான் படித்தது உளவியல். பேய் என்று யாராவது சொன்னால் காரணம் தேடுகிறவள். ஆனாலும் இது நடந்தது. எனக்கே நடந்தது. எந்தப் பல்கலைக்கழகம் என்பதை மட்டும் சொல்லமாட்டேன்.

என் பெயர் சிவனேஸ்வரி. யாழ்ப்பாணத்துக்காரி. 2003 ஜனவரியில் மலைநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மாணவர் நலப் பிரிவுக்குப் பொறுப்பாகப் போனேன். பெண்கள் விடுதியை ஒட்டிய பழைய அறை ஒன்றைத் தந்தார்கள். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் எவரும் அந்தப் பக்கம் வருவதில்லை. படிவங்கள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்தான் இருந்தன. என் யாழ்ப்பாணப் பேச்சும் அவர்களுக்கு அந்நியம். கன்ரீனில் அவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் பேச்சைக் கேட்கப் பழகினேன். படிவங்களைத் தமிழில் அடித்தேன். ஜூன் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, கதவில் தமிழிலும் ஒரு பலகை மாட்டினோம்.

அன்றே ஒருத்தி வந்தாள்.

மாலை ஐந்து இருபது. வெளியே பனிமூட்டம். நான் நிமிர்ந்தபோது எதிர்க் கதிரையில் இருந்தாள். கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. இருபது வயதிருக்கும். கம்பளி ஸ்வெட்டர். அதற்கு மேல் ஒரு போர்வை. பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம்... டக்... டக்... டக்...

"என்ன பிள்ளை, சுகமில்லையோ?"

"காச்சலுங்க மிஸ். மூணு நாளா."

பெயர் யூஜினா என்றாள். கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்டத்தையும் லயத்து வீட்டு இலக்கத்தையும் சொன்னாள். அம்மா அந்தோனியம்மா, கொழுந்து எடுக்கிறவராம். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன்.

"அம்மாவுக்கு எழுதணும் மிஸ். தமிழ்ல எழுதுங்க. சிங்களத்துல எழுதினா அம்மாவுக்குத் தெரியாது."

நெற்றியில் கை வைத்தேன்.

கொதித்தது. அடுப்பில் இருந்து இறக்கிய சட்டி மாதிரி. கையை இழுத்துக்கொண்டேன்.

வாகனத்துக்குச் சொல்ல வெளியே ஓடினேன். வாசலில் எங்கள் உதவியாளர் செல்லசாமி உட்கார்ந்திருந்தார். உள்ளே காய்ச்சலோடு ஒரு பிள்ளை இருக்கிறாள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"யாரும் உள்ள போகலீங்களே மிஸ். நாலரையிலிருந்து நான் இங்கதான் இருக்கேன்."

திரும்பி ஓடினேன்.

ஐந்து முப்பத்தொன்று.

கதிரை காலி.

ஜன்னலில் கம்பி. வேறு கதவு இல்லை...

கதிரையைத் தொட்டேன்.

சுட்டது.

விடுதி முழுக்கத் தேடினோம். அப்படி ஒருத்தி இல்லை என்றார்கள். பதிவாளர் அலுவலகம் பூட்டியாயிற்று. பதியாமல் சிநேகிதி அறையில் ஒளிந்திருக்கிறாளாக்கும் என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைக்கப் பார்த்தேன். இரவு கண்மூடவில்லை. அவள் அம்மாவிடம் நேரிலேயே சொல்ல, விடிந்ததும் பஸ் ஏறினேன். நுவரெலியாவில் மாறி, கந்தப்பளையில் இறங்கி, தோட்டத்துக்கு நடந்து போகப் பதினொன்றே கால்.

அந்தோனியம்மாவுக்கு அறுபது இருக்கும். பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறேன், யூஜினாவுக்குக் காய்ச்சல் என்றேன். அவர் அழவில்லை. கோபப்படவும் இல்லை. என்னை ஸ்டூலில் இருக்கச் சொல்லிவிட்டு, தான் தரையில் உட்கார்ந்தார்.

"தொண்ணூத்து மூணுல ஒரு கடுதாசி வந்துச்சுங்க. சிங்களத்துல. வெள்ளிக்கிழம சாயங்காலம். லயத்துல யாருக்கும் வாசிக்கத் தெரியல. ஆபீஸும் பூட்டிட்டாங்க. திங்கக்கிழம ஆபீஸ் கிளாக்கர் வாசிச்சாரு. மகளுக்கு ரொம்ப முடியல, ஒடனே வாங்கன்னு இருந்துச்சு. புள்ள ஞாயித்துக்கிழமையே போயிருச்சுங்க."

தவறான வீட்டுக்கு வந்துவிட்டேன், மன்னியுங்கள் என்று எழப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்தார். நேற்று அவள் நெற்றியைத் தொட்ட கை.

"இப்ப காச்சல் விட்டிருச்சாங்க?"

வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய் அதுதான்.

"விட்டிட்டுது அம்மா."

அவர் தலையாட்டினார். வெகுநேரம் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

யூஜினா பிறகு வரவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பழைய கோப்புகளைப் பார்த்தேன். என் அறைதான் முன்பு விடுதியின் நோயாளர் அறை. எனக்கு முன் அங்கே வேலை செய்த மூன்று பேரும் இடமாற்றம் கேட்டுப் போயிருந்தார்கள். ஒருவரும் காரணம் எழுதவில்லை. அவர்களில் ஒருவர், ஓய்வுபெற்ற சிங்களத் தாதி, நகரத்திலேயே இருந்தார். தேடிப் போனேன். அந்த அறையைப் பற்றிச் சொன்னதுமே அவர் கண் கலங்கியது.

சாயங்காலங்களில் ஒரு பிள்ளை வருவாள் என்றார். போர்வையோடு வந்து எதிரே உட்காருவாளாம். எதையோ கேட்பாளாம். ஒரே வார்த்தைகளைத் திரும்பத் திரும்பக் கேட்பாளாம்.

"நாலு வருஷம் கேட்டாள் மகளே," என்றார் சிங்களத்தில். "எனக்குத் தமிழ் தெரியாதே."