இராசநாயகம் மாஸ்டரின் சின்ன வளையம்

சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றபோது, இராசநாயகம் மாஸ்டர் காலமாகிவிட்டார் என்றார்கள். "எங்கை மிதிவெடி மிதிச்சவர்?" என்றுதான் என் வாயில் வந்தது. மிதிக்கவில்லையாம், நித்திரையில் போயிருக்கிறார். அதைக் கேட்டு ஆறுதல்பட்டேன். எங்கள் காலம் அப்படியாகிவிட்டது.

பண்டத்தரிப்புப் பள்ளிக்கூடத்தில் அவர் விஞ்ஞானமும் நான் தமிழும் படிப்பித்தோம். அவரைப் பயந்தாங்கொள்ளி என்று பகிடி பண்ணாதவர் எங்களில் யார்? ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் மேசைக்குக் கீழே முதலில் போவது அவர்தான். "ஓம், எனக்குப் பயம்தான். பயமில்லாதவனுக்குப் பக்கத்திலை நிக்க இன்னும் பயம்" என்பார், வெட்கமே இல்லாமல்.

சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்தபோது அம்மா, தங்கச்சியின் கலியாண நகைகளைப் பால்மாத் தகர ரின்னில் போட்டு, கிணற்றடியிலிருந்து மூன்றாவது வாழையின் கீழே அவசரமாகப் புதைத்திருந்தார். வாழை நின்ற இடத்திலேயே நிற்குமா? திரும்பி வந்தபோது தாய்மரங்கள் அழுகி, குட்டிகள் கண்டபடி கிளம்பியிருந்தன. வீட்டு வளவில் ஆமிக்காரர் இருந்து போன அடையாளம் வேறு. மண்ணுக்குள் வெடி இருக்குமோ என்று மண்வெட்டியைத் தொடவே பயம். தங்கச்சிக்கோ நாள் வைத்தாயிற்று.

மாஸ்டர் ரேடியோச் சாமான்களால் ஒரு கருவி செய்து வைத்திருந்தார். உலோகத்துக்கு மேலே பிடித்தால் கத்தும். அதில் பூட்ட இரண்டு செப்புக்கம்பி வளையங்கள் கொண்டுவந்தார். ஒன்று சுளகளவு, மற்றது தேத்தண்ணிச் சோசரளவு. பெரியதைப் போட்டால் கெதியில் முடியுமே என்று நான் அவசரப்பட்டேன்.

"பெரிசு ஆழமாப் பாக்கும். ஆனா கிட்டக்கிட்டக் கிடக்கிற ரண்டையும் ஒரே சத்தமாத்தான் சொல்லும். சின்னன்தான் பிரிச்சுச் சொல்லும்" என்றார். சின்னதையே பூட்டினார். "உது கத்தாத இடமெல்லாம் நல்ல இடமெண்டு நினைச்சுப்போடாதேங்கோ. மரப்பெட்டியிலை வைச்ச வெடிக்குச் சிலநேரம் வாய் திறவாது."

எங்களைப் படியைவிட்டு இறங்க விடவில்லை. தனியே குந்திக் குந்திப் போனார். அம்மா காட்டிய வாழையடியில் கருவி கத்தியது. "அதுதான் ரின்!" என்று அம்மா படியிலிருந்து இறங்கக் காலைத் தூக்கினார்.

"அசையாதேங்கோ!"

மாஸ்டர் அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வளையத்தைச் சற்று நகர்த்தினார். சத்தம் நின்று, மறுபடி எழுந்தது. "ரண்டு கிடக்கு" என்று சொல்லி, வந்த காலடியிலேயே பின்னால் வந்தார். சேட்டு முழுக்க வியர்வை.

வெடி எடுக்கத் தெரிந்தவர்களைக் கூட்டிவந்தோம். முதலில் எடுத்தது மிதிவெடி. ஒரு முழம் தள்ளி அம்மாவின் ரின். கிணற்றடியை மட்டும் பார்த்துவிட்டு அவர்கள் போய்விட்டார்கள்.

கலியாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டாரிடம் அவரைத் துணிச்சல்காரர் என்றேன். கோபித்துக்கொண்டார். "துணிச்சல் இருந்திருந்தா பெரிசையெல்லோ பூட்டியிருப்பன்" என்றார். மிச்ச வளவுக்குப் பயமில்லைத்தானே என்று கேட்டேன். "தெரியாது" என்றார். வேறு யாராக இருந்தாலும் ஒன்றுமில்லை என்று சொல்லியிருப்பார்கள்.

நேற்றுச் செத்தவீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். தங்கச்சியின் மகன் இப்போதுதான் நடக்கப் பழகுகிறான். "பின்வளவிலை இறக்கிவிடட்டோ அண்ணை?" என்று தங்கச்சி கேட்டாள். மாஸ்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு சொல்தான்.

"தெரியாது" என்றேன். அவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.