இடப்பக்கம் திருப்பினால் முனகும் கார்

எழுபதுகளில், வெளிநாட்டுச் சாமான் எதுவும் லேசில் வராத காலத்தில், நான் திருகோணமலைத் துறைமுக வீதியில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். இறக்கக்கண்டியில் கட்டிக்கொடுத்த என் தங்கைக்கு நிறைமாதம். அவளுடைய முதற்பிள்ளை ஆசுபத்திரிக்குப் போகும் வழியில் மாட்டுவண்டியிலேயே பிறந்தது. அழவேயில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டுதான் மச்சான் வீடு திரும்பினார். ஆகவே இந்த முறை காரை அவர்கள் வீட்டு வளவிலேயே கொண்டுபோய் நிறுத்தினேன். ஓட்டத்தை விட்டுவிட்டு நானும் அங்கேயே தங்கினேன்.

சும்மா நிற்கிற கார்தானே, அதற்கு என்ன வரப்போகிறது என்று நினைத்தேன். வந்தது. எதற்கும் ஒருதரம் ஓட்டிப் பார்ப்போமென்று சாம்பல்தீவுப் பக்கம் போனேன். ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் கிறீச்சென்று ஒரு முனகல். சத்தம் மட்டுமென்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். வளைவில் திருப்பிய சில்லு திருப்பியபடியே நின்றுவிட்டது, தானாக நேருக்கு வரவில்லை. இழுத்துப் பிடித்து நிமிர்த்துவதற்குள் கார் ஒரு வேலியை உரசிவிட்டது. இதிலா அவளை ஏற்றிக்கொண்டு போவது? அந்தப் பக்கத்தில் அவசரத்துக்குக் கூப்பிட வேறு காரும் இல்லை.

அப்படியே பட்டணத்துக்கு விட்டேன். ஸ்டியரிங் பெட்டி போய்விட்டது, கொழும்பிலிருந்து சாமான் வரவேண்டும் என்றார்கள் கார் திருத்துகிற கராச்சில். எப்போது வரும் என்று கேட்டேன். வரும்போது வரும் என்றார்கள். வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டிக்கொண்டு இறக்கக்கண்டிக்குத் திரும்பினேன்.

இருப்புக் கொள்ளவில்லை. கிறீஸ் அடித்தேன், வெளியே வழிகிற அளவுக்கு அடித்தேன். சத்தம் அசையவில்லை. காரைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். தங்கை வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"அண்ணை, வந்து ஒரு வாய் சாப்பிடுங்கோ. கார் எங்கயும் ஓடிப் போகாது."

"அதுதானே என்ர கவலை, ஓடாதாம்!" என்று பாய்ந்தேன்.

அவள் சிரித்தாள். அந்த வயிற்றோடு எப்படிச் சிரிக்கிறாள் என்று எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. "நான் ஏறி இருந்து திருப்பிறன், நீங்கள் கீழ படுத்துப் பாருங்கோ" என்றாள். வேண்டாமென்று சொல்ல நினைத்தேன், ஆனால் அவளை விட்டால் ஆளில்லை. மச்சான் கடலுக்குப் போயிருந்தார்.

ஜக் போட்டு முன்பக்கத்தை உயர்த்தி, பனங்குற்றி ஒன்றை அண்டை கொடுத்தேன். அவள் ஏறி இருந்தாள். வயிறு ஸ்டியரிங்கில் முட்டியது. "எங்க போகோணும், ஐயா?" என்று என்னையே நக்கலடித்தாள்.

"வாயை வச்சுக்கொண்டு சும்மா திருப்படி!"

அவள் திருப்பத் திருப்ப, கீழே ஒவ்வொரு மூட்டாகக் கையை வைத்துப் பார்த்தேன். ஸ்டியரிங் பெட்டியில் ஒன்றுமில்லை. கம்பிகளிலும் ஒன்றுமில்லை. முன்சில்லு திரும்புவதற்கென்று உள்ளே ஒரு தடித்த ஆணி இருக்கும், கிங் பின் என்போம். இடப்பக்கத்து ஆணியில் கை வைத்ததும் விரல் அதிர்ந்தது. எங்கேயோ கீழே முனகியதை இரும்பு மேலே ஏற்றிக்கொண்டு வந்து, பெட்டியில் கேட்கிற மாதிரி என்னை ஏமாற்றியிருக்கிறது.

அந்த ஆணிக்குக் கிறீஸ் போகும் வாயைத் தேடினேன். அதன்மேல் மஞ்சள் நிறத்தில் ஏதோ கெட்டியாகப் படிந்து கிடந்தது. நகத்தால் சுரண்டி மணந்தேன். சுறா எண்ணெய்! குங்கிலியம் கலந்து காய்ச்சி, வள்ளத்துக்குப் பூசுவார்களே, அதே எண்ணெய். காய்ந்து கல்லாகி வாயை அடைத்துவிட்டது. நான் அடித்த கிறீஸில் ஒரு துளிகூட உள்ளே போகவில்லை.

மச்சான் கரையேறி வந்ததும் வாசல் படலையிலேயே பிடித்துக்கொண்டேன். "உங்களுக்கென்ன விசரே? கார் என்ன வள்ளமே, எண்ணெய் பூசுறதுக்கு?"

அவர் திகைத்துப்போனார். "உப்புக்காத்து இரும்பைத் திண்டுபோடுமெண்டு பூசினனான். வள்ளத்துக்கு அதுதானே காவல்."

"என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே!"

"முந்தினதுக்கு என்னால ஒண்டும் செய்ய ஏலாமப் போச்சு, மச்சான். இதுக்கெண்டாலும் என்ர கையால ஏதாவது செய்யோணுமெண்டு…"

மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்து அவரிடம் நீட்டினேன். இருவரும் கீழே படுத்துச் சுரண்டினோம். கிறீஸ் வாயைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, கம்பியால் குத்தி, திரும்பப் பூட்டி அடித்தேன். முதலில் துருத்தண்ணீர் போல ஏதோ வந்தது, பிறகு புதுக் கிறீஸ் பிதுங்கியது. தங்கை மறுபடி ஏறித் திருப்பினாள். ஒரு சத்தமில்லை.

அடுத்த நாள் காலையில் அவளுக்கு வலி கண்டது. நிலாவெளியும் சாம்பல்தீவும் எப்படிக் கழிந்தனவென்று தெரியாது. பின்னால் மச்சான் அவள் கையைப் பிடித்தபடி இருந்தார். வளைவுகளில் கார் சொன்னபடி கேட்டது, ஆனாலும் ஆசுபத்திரி வாசல்வரை அந்த முனகலுக்குக் காதைக் கொடுத்தபடியே ஓட்டினேன்.

உச்சிவேளையில் தாதி மிஸி வெளியே வந்து, "ஆம்பிளைப் பிள்ளை" என்றார்.

மச்சான் எழுந்தார். "அழுதவனோ, மிஸி?"

"உங்களுக்குக் காது கேக்காதோ? இந்த ஆசுபத்திரி முழுக்கக் கேக்குது!"

அப்போதுதான் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். சுவரைப் பிடித்தபடி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். மிஸி கதவடிக்குத் திரும்பியபோது, அங்கிருந்தபடியே கெஞ்சினார்: "கொஞ்ச நேரம் அழட்டும், மிஸி. நிப்பாட்டிப் போடாதேங்கோ."