வெள்ளிப் பூணில் தேய்ந்த எழுத்து

காஜாக்காரி என்றால் அந்தத் தெருவில் ஒருத்திதான். தையல்கடைப் பின்னறையில், ஜன்னலை ஒட்டிப் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்து, நாற்பத்து மூன்று வருஷமாகக் கோட்டுகளின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்தவள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், ஊசியில் நூல் கோக்கவே பொழுது போதவில்லை, இதில் புருஷனை எங்கே கோக்கிறது என்பாள். ஆண்பிள்ளைகள் எல்லாரையும் ஐயா என்றுதான் கூப்பிடுவாள். அண்ணே என்று கூப்பிட ஒருத்தன் இருந்தான். அந்தச் சொல் அவனோடு போயிற்று.

சரக்குக் கப்பலுக்கு வேலைக்குப் போனவன் அவன். கிளம்புகிற அன்று காலையில், பன்னிரண்டு வயசுக்காரி இவள், போகவிடக் கூடாதென்று அவன் புகை பிடிக்கிற மரச் சுங்கானை எடுத்து மெத்தைக்கு அடியில் ஒளித்தாள். ஒளித்தவளே மறந்துபோய் அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள். மரத்தின் கழுத்து விரிசல் விட்டது, வாயில் வைக்கிற கறுப்புத் தண்டு ரெண்டாகப் போனது. முதுகில் விழும் என்று பார்த்தால் அவன் சிரித்தான்.

"இருக்கட்டும் வாலு. வந்து சரிபண்ணிக்கறேன். அதுக்காகவாவது வரணும்ல?"

வரவில்லை. அடுத்த வருஷம் கப்பல் முழுகிவிட்டதென்று கடுதாசி வந்தது. அம்மா அழவில்லை. அவன் சட்டை, செருப்பு, சவரப்பெட்டி எல்லாவற்றையும் சாக்கில் கட்டிப் பழைய சாமான்காரனிடம் போட்டாள். சுங்கானும் அதோடு போனதென்றே மகள் நினைத்தாள். அவன் பேச்சை எடுத்தாலே அம்மாவின் முகம் கதவு மாதிரிச் சாத்திக்கொள்ளும். நெஞ்சு கல்லாகிவிட்டது என்று மகள் முடிவு கட்டினாள். முடிவு கட்டினால் லேசில் மாற்றிக்கொள்கிறவள் இல்லை அவளும்.

போன மாதம் அம்மா போய்ச் சேர்ந்தாள். அவள் பெட்டியை ஒழித்தால், அடியில் அந்தச் சுங்கான். விரிசலை மூடிக் கழுத்தில் ஒரு வெள்ளிப் பூண். தண்டும் புதுசு.

காஜாக்காரி கணக்குப் போட்டாள். பூண் கப்பல் முழுகுவதற்கு முன்னால் போட்டதானால், பிள்ளை வருவான் என்று அம்மா சரிசெய்து வைத்தது. பின்னால் போட்டதானால் அம்மா இல்லை. அவள்தான் அவனைத் தலைமுழுகிவிட்டாளே. அப்போது சொன்னபடி வந்தவன் அண்ணன்தான். எங்கேயோ கரையேறி, ஒருநாள் வீட்டுக்கு வந்து, அம்மாவோடு என்ன மனத்தாங்கலோ, நினைப்புக்கு இதை விட்டுவிட்டுப் போயிருப்பான். போனால் போகட்டும். உயிரோடு போயிருப்பான் இல்லையா?

நாலு தெரு தள்ளிச் சுங்கான் பழுது பார்க்கிறவர் கடை. அவள் கொடுத்ததை அவர் வாங்கி, கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். மரத்தின் விலாவில் இருந்த பெயரும் எண்ணும் மரத்தின் வயசைத்தான் சொல்லும், பூணின் வயசு வேறே என்றார். பூணில் நாலு முத்திரை. செய்தவருக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று, வெள்ளியின் தரத்துக்கு ஒன்று, வருஷத்துக்கு ஒன்று. வருஷத்துக்கு ஓர் எழுத்து. எழுத்தெல்லாம் தீர்ந்தால் மறுபடி முதலிலிருந்து வரும். ஆனால் எழுத்தைச் சுற்றியிருக்கிற கட்டம் மாறிவிடும். அந்தக் கட்டம்தான் இதில் மழுங்கிக் கிடந்தது.

"நாலு பக்கமும் மூலையா இருந்தா ரொம்பப் பழசு அக்கா, நீங்க பொறக்கறதுக்கு முந்தி. என் கண்ணுக்குத் தெரியலை."

அவள் ரவிக்கையில் குத்தியிருந்த ஊசியை எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, ஊசிமுனையால் கட்டத்தின் ஓரமாகவே போனாள்.

"ஒரு பக்கம் நேரா இருக்கு. ஒரு பக்கம் வட்டம். கோட்டு காஜா மாதிரி."

அவர் கிழிந்த புத்தகத்தைப் புரட்டி, வரிசையில் விரல் வைத்து வருஷத்தைச் சொன்னார். கப்பல் முழுகி ஆறு வருஷம் கழித்து.

அவள் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். அவர் தண்டைக் கழற்றிப் பூணின் உள்பக்கத்தைக் காட்டினார். ரெண்டு கோடும் ஒரு புள்ளியும். அவருடைய அப்பா கீறுகிற அடையாளமாம். வேலை நடந்தது இதே கடையிலாம்.

"இத்தனை கிட்ட வந்தவன் என்னை ஒரு எட்டு பாத்துட்டுப் போகக் கூடாதா?" என்றாள் காஜாக்காரி.

அவர் கறுப்புத் தண்டின் நுனியை வெளிச்சத்தில் பிடித்தார்.

"யாரு வந்தாங்கன்னு எனக்குத் தெரியாது அக்கா. ஆனா இதை ஒருத்தரும் வாயில வைக்கலை. பல்லுத் தடமே இல்ல பாருங்க. சுங்கான் பிடிக்கறவன் சரிபண்ணி வாங்கினா இந்த வாசப்படியிலயே பத்த வெச்சிருப்பான்."

அவள் பார்த்தாள். பொத்தான் மாதிரி வழவழவென்று இருந்தது.

"எழுத்தும் பையில கிடந்து தேயலை. அப்படின்னா கீறல் விழுந்திருக்கும். யாரோ மெத்துனு துணி வெச்சு, ஒரே இடத்துல கட்டைவிரலை அழுத்தித் தேய்ச்சிருக்காங்க. வருஷக்கணக்கா."

மெத்தென்று துணி. சனிக்கிழமைதோறும் அம்மா கேட்பாள், கடையில் வெட்டி மிஞ்சின பிளானல் துண்டு ஒன்று கொண்டுவா, கண்ணாடி துடைக்க என்று. வாரத்துக்கு ஒரு துண்டா, உனக்கென்ன ஆயிரம் கண்ணா என்று மகள் கேலி பண்ணுவாள். பண்ணிக்கொண்டே நாற்பது வருஷம் கொண்டுவந்து கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள். தூங்குகிறாள் என்று இவள் பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் வைப்பாள். சுவருக்கு இந்தப் பக்கம் இவள் ஒருத்தனை நினைத்து உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் அவளும் அவனைத்தான்.

அண்ணன் வரவில்லை. அது இன்றைக்குத்தான் அவளுக்கு முழுசாகத் தெரிந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மா என்று நெஞ்சில் வந்தது. அம்மாவிடம் இவள் மட்டும் சொன்னாளா?

பழுது பார்க்கிறவர் சுங்கானைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். இனிமேல் பூணைத் தேய்க்க வேண்டாம் என்று சொன்னார்.

"தேய்ச்சா?"

"எழுத்து போயிடும் அக்கா. அப்புறம் எந்த வருஷம்னு யாராலயும் சொல்ல முடியாது."

"எனக்குத்தான் தெரிஞ்சு போச்சே" என்று அவள் எழுந்தாள்.

அன்று சனிக்கிழமை. கடைக்குப் போய், தரையில் கிடந்த வெட்டுத்துணியைக் கிளறி, நல்ல மெத்தென்ற துண்டாக ஒன்றைப் பொறுக்கினாள்.