அப்பா பெயரில் வந்த சம்பளச் சீட்டு

எண்பதுகளின் கடைசியில், விழுப்புரம் பக்கத்துச் சர்க்கரை ஆலை ஒன்றில் நான் கணக்கு அதிகாரி. சம்பளம் போடும் கம்ப்யூட்டர் புரோகிராமுக்குப் புதிய பதிப்பு வந்தது. அது ஒவ்வொருவருக்கும் குடும்பப் பெயர் கேட்டது. நமக்கு ஏது அது?

"பழசே இருக்கட்டும் சார்" என்றார் டைப்பிஸ்ட். நான் கேட்கவில்லை. அப்பா பெயரை அடிக்கச் சொன்னேன். பொங்கலுக்கு முந்தின நாள் வந்த சீட்டுகளில் அப்பா பெயர் முழுதாகவும், மகன் பெயர் வெறும் முதலெழுத்தாகவும் இருந்தன.

"கோவிந்தசாமி!" என்று சம்பளம் வாங்க வந்த கூட்டத்தில் முதல் சீட்டைப் படித்துக் கூப்பிட்டேன்.

"செத்துப்போன மனுசனை ஏன்யா ஏலம் போடற?" என்று ஒருவர் கத்தினார். கூட்டம் எழுந்துவிட்டது. சம்பளம் பட்டுவாடா ஆகாவிட்டால் யார் வீட்டிலும் பொங்கல் இல்லை.

திண்டிவனத்துக்காரரான பாய்லர் தொழிலாளி ஒருவர் என்னிடம் வந்தார். பேசுமுன் தோள் துண்டை ஒருமுறை உதறுவது அவர் வழக்கம். உதறினார்.

"நீங்க படிங்க சார், நான் கூப்பிடறேன்."

படித்தேன்.

"கோவிந்தசாமி ஐயா புள்ளை, ஜல்தி வா! இன்னா மொறைச்சிக்கினு நிக்கிற? உங்கப்பாருக்கு மில்லுல மரியாதை நடக்குது!"

சிரிப்பு கிளம்பியது. வரிசை நகர்ந்தது. கடைசிச் சீட்டு அவருடையது.

"இதுல எங்கப்பா பேரு எது சார்?"

தொட்டுக் காட்டினேன். அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, துண்டில் முடிந்துகொண்டார்.

அன்று நான் நன்றிகூடச் சொல்லவில்லை. அடுத்த மாதம் புரோகிராமைத் திருத்தினோம். அவர் பெயரும் சரியாகவே வந்திருக்கும். அந்தப் பெயர் எனக்கு மறந்துவிட்டது. அவருடைய அப்பா பெயர் முனுசாமி.